பெட்டி கட்டும் முன் படியுங்கள்: சிங்கப்பூருக்கு வரும் பெற்றோருக்கும் உறவினருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கக் கிளம்புகிறவர்கள் விசாவைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். விசா கைக்கு வந்ததும் நிம்மதியாகி, மீதி நாள்களைப் பலகாரம் சுடுவதிலும் பொடி திரிப்பதிலும் கழிக்கிறார்கள். நான் இங்கே பல ஆண்டுகளாகப் பார்த்துவருவதை வைத்துச் சொல்கிறேன்: விசாவில் தடுக்கி நிற்பவர்கள் குறைவு. சாங்கி விமான நிலையத்தின் சுங்க மேசையில் முகம் வெளிறி நிற்பவர்கள் பெரும்பாலும் பெட்டிக்குள் இருந்த ஏதோ ஒன்றினால்தான் அங்கே நிற்கிறார்கள். அந்தப் பொருள் குற்றமென்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆகவே இந்த வழிகாட்டியில் விசாவுக்கு அளவான இடமும் பெட்டிக்குத் தாராளமான இடமும் கொடுத்திருக்கிறேன்.

இது இந்தியக் கடவுச்சீட்டில் குறுகிய காலப் பயணமாக வருபவர்களுக்காக எழுதப்பட்டது. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இத்தகைய பயணத்துக்கு விசா தேவையில்லை. மற்ற படிகள் எல்லாம் அவர்களுக்கும் பொருந்தும். விதிகள் அவ்வப்போது மாறுபவை. எனவே டிக்கெட் எடுக்கும்போது ஒருமுறையும் கிளம்பும் வாரத்தில் ஒருமுறையும் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

படி 1: கடவுச்சீட்டும் பெயரும்

சிங்கப்பூரில் வந்திறங்கும் நாளில் கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். ஐந்து மாதம் இருக்கிறதே, இரண்டு வாரத்தில் திரும்பிவிடப் போகிறோமே என்ற வாதம் எடுபடாது. விமான நிறுவனமே திருச்சியிலோ சென்னையிலோ உங்களை ஏற்ற மறுத்துவிடும்.

அடுத்தது பெயர். நம்மவர்களுக்கு மட்டும் அதிகம் தொல்லை தரும் விஷயம் இது. ஊரில் ‘சு. லட்சுமி’ என்று கையெழுத்திடும் அம்மாவின் கடவுச்சீட்டில் பெயர் மூன்று விதமாக அச்சாகியிருக்கலாம். குடும்பப்பெயர் கட்டத்தில் ‘சுப்பையா’, பெயர்க் கட்டத்தில் ‘லட்சுமி’ என்று பிரிந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்து பெயர்க் கட்டத்தில் இருக்க, குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கலாம். அல்லது ‘லட்சுமி’ மட்டும் தனியாக இருக்கலாம். விசா விண்ணப்பத்திலும் வருகை அட்டையிலும் கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப் பெயரையும் எழுதுங்கள். ஆதாரில் உள்ளதையோ வங்கிப் புத்தகத்தில் உள்ளதையோ பார்த்து எழுதாதீர்கள். விமான டிக்கெட்டில் குடும்பப்பெயர் கட்டாயம் என்று இணையப் பக்கம் அடம்பிடித்தால், ஒற்றைப் பெயருக்கு அந்த நிறுவனம் என்ன விதி வைத்திருக்கிறது என்று கேட்டு அதன்படி செய்யுங்கள். டிக்கெட்டின் முறை சற்று வேறாக இருப்பது வழக்கமானதுதான். கடவுச்சீட்டு எண்ணும் பிறந்த தேதியும் எல்லா இடத்திலும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருப்பதே முக்கியம். இந்தியக் கடவுச்சீட்டு எண் ஓர் ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கங்களும் கொண்டது. முதல் எழுத்துக்குப் பின்னால் வட்டமாகத் தெரிவது எல்லாமே சுழியம்தான். அதை எழுத்தாகத் தட்டச்சு செய்துவிட்டால் விசா ஒருவருக்கும் பயணம் இன்னொருவருக்கும் என்றாகிவிடும்.

படி 2: விசா

இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் விசா முன்கூட்டியே எடுக்க வேண்டியது. போய் இறங்கி எடுத்துக்கொள்ள முடியாது. விண்ணப்பிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அங்கீகாரம் பெற்ற விசா முகவர். மற்றொன்று, சிங்கப்பூரில் இருக்கும் 21 வயது நிறைந்த குடிமகனோ நிரந்தரவாசியோ உள்ளூர்த் தொடர்பாளராக இருந்து இணையத்தில் விண்ணப்பிப்பது. பிள்ளைகள் வேலை அனுமதியில் இருக்கும் வீடுகளில் முகவர் வழியே செல்வதுதான் வழக்கம்.

அரசுக் கட்டணம் ஆளுக்கு 30 வெள்ளி. இங்கே டாலரை வெள்ளி என்றுதான் சொல்வோம். இந்தக் கட்டுரையில் வெள்ளி என்று வரும் இடமெல்லாம் சிங்கப்பூர் டாலர். விசா மறுக்கப்பட்டாலும் இந்தக் கட்டணம் திரும்பாது. முகவர் இதற்கு மேல் வாங்குவது அவருடைய சேவைக் கட்டணம். எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள்.

தேவைப்படுபவை: கையெழுத்திட்ட 14ஏ படிவம், கடவுச்சீட்டின் விவரப் பக்க நகல், வெள்ளைப் பின்னணியில் அண்மையில் எடுத்த புகைப்படம், டிக்கெட் விவரம், தங்குமிட விவரம். சிங்கப்பூரர் ஒருவர் அழைக்கிறார் என்றால் வி39ஏ அறிமுகக் கடிதம். முகவர்கள் வங்கிக் கணக்கு விவரத்தையும் கேட்பதுண்டு. பயண நாளுக்கு முந்தைய 30 நாள்களுக்குள் விண்ணப்பிப்பது முறை. பெரும்பாலான விண்ணப்பங்கள் சில வேலை நாள்களில் முடிந்துவிடும். ஆனால் தீபாவளி, பள்ளி விடுமுறைக் காலங்களில் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

விசா மின்னஞ்சலில் வரும். தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு ஆண்டு, பலமுறை நுழையலாம் என்று போட்டிருந்தாலும் இரண்டு ஆண்டு தங்கலாம் என்று பொருள் இல்லை. ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்பவர் சாங்கியில் இருக்கும் குடிநுழைவு அதிகாரி. விசா என்பது அவர்முன் போய் நிற்பதற்கான அனுமதி மட்டுமே.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா வைத்துக்கொண்டு, வேறொரு நாட்டுக்குச் செல்லும் வழியிலோ திரும்பும் வழியிலோ சிங்கப்பூரில் இறங்கும் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 96 மணி நேரம் தங்கும் வசதி உண்டு. உறுதிசெய்யப்பட்ட மேற்பயண டிக்கெட் வேண்டும். இந்தியாவிலிருந்து சிங்கப்பூர் வந்துவிட்டு இந்தியாவுக்கே திரும்புகிறவர்களுக்கு இது பொருந்தாது.

படி 3: வருகை அட்டையும் உடல்நல அறிவிப்பும்

விமானத்தில் கொடுத்த வெள்ளைத் தாளை நிரப்பிய காலம் 2020 மார்ச் மாதத்தோடு முடிந்துவிட்டது. இப்போது எஸ்ஜி அரைவல் கார்டு எனப்படும் வருகை அட்டையை இணையத்திலோ மைஐசிஏ செயலியிலோ நிரப்ப வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி அட்டை வேண்டும். விசா இருக்கிறதே, இது எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

நிரப்பும் காலம், வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாள். 10ஆம் தேதி இறங்குகிறீர்கள் என்றால் 8ஆம் தேதியிலிருந்து நிரப்பலாம். நள்ளிரவை ஒட்டிய விமானங்களில் கவனம் தேவை. 9ஆம் தேதி இரவு ஊரில் ஏறி 10ஆம் தேதி விடியலில் சாங்கியில் இறங்கினால், உங்கள் வருகை நாள் 10. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருப்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

முகவரிக் கட்டத்தில் பலர் திணறுகிறார்கள். வீவக எனப்படும் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீட்டு முகவரியில் புளோக் எண், தெருப் பெயர், வீட்டு எண், அஞ்சல் எண் ஆகியவை இருக்கும். வீட்டு எண் இரண்டு பகுதியாக இருக்கும்: 08-123 என்றால் எட்டாவது மாடி, 123ஆம் எண் வீடு. அஞ்சல் எண் ஆறு இலக்கம். நம் ஊர் பின்கோடும் ஆறு இலக்கம்தான் என்பதால் பழக்கத்தில் அதைப் போட்டுவிட வாய்ப்பு உண்டு. மகனிடம் முகவரியை அப்படியே எழுதி அனுப்பச் சொல்லி, பார்த்து நிரப்புங்கள். மின்னஞ்சல் கட்டத்தில், பெற்றோர் மின்னஞ்சல் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்கள் என்றால் பிள்ளையின் முகவரியைக் கொடுங்கள். தங்கும் நாளைக் குறிப்பிடும் மின்-அனுமதி அந்த முகவரிக்குத்தான் வரும். கடவுச்சீட்டில் இப்போது முத்திரை குத்துவதில்லை.

இதற்குக் கட்டணம் கிடையாது. ஒரு காசுகூட இல்லை. தேடுபொறியில் தட்டினால் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி, அட்டையை நிரப்பித் தருவதாகப் பணம் கேட்கும் தனியார் தளங்கள் வரும். பணம் கேட்கும் பக்கத்தை அந்த நிமிடமே மூடிவிடுங்கள். பணம் போவதோடு கடவுச்சீட்டு விவரமும் யாரிடமோ போய்ச் சேர்கிறது.

உடல்நல அறிவிப்பும் இதே அட்டைக்குள் இருக்கிறது. காய்ச்சல் முதலிய அறிகுறிகள் உண்டா, அண்மையில் எந்த நாடுகளுக்குச் சென்றீர்கள் என்று கேட்கும். இந்தியாவிலிருந்து நேரே வருபவர்களுக்குத் தடுப்பூசிச் சான்று எதுவும் தேவையில்லை. கோவிட் தடுப்பூசிச் சான்று கேட்பது 2023 பிப்ரவரி 13 முதல் நின்றுவிட்டது. மஞ்சள் காய்ச்சல் மட்டும் விதிவிலக்கு. ஆப்பிரிக்காவிலோ தென்னமெரிக்காவிலோ மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடு ஒன்றில் முந்தைய ஆறு நாள்களுக்குள் இருந்துவிட்டு வருகிறவர், ஒரு வயதுக்கு மேற்பட்டவரென்றால், அனைத்துலகத் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். நைஜீரியாவிலோ கானாவிலோ வேலை பார்ப்பவர் குடும்பத்தைச் சிங்கப்பூரில் சந்திக்கத் திட்டமிடும்போது இது நினைவுக்கு வருவதில்லை. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் தனிமைப்படுத்தப்படலாம்.

படி 4: பெட்டி

இனி வருவதை நிதானமாகப் படியுங்கள். முடிந்தால் பெட்டி கட்டும் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் கசகசா. குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசா சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள். அது அபின் செடியின் விதை. அதில் மார்ஃபினின் சுவடு இருக்கிறது என்பதால் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு அதைத் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது. முழு விதையாக ஐம்பது கிராம் பொட்டலத்தைத் தூக்கிப்போடுவது எளிது. வீட்டில் திரித்த குருமாப் பொடி, பிரியாணி மசாலா, செட்டிநாட்டு மசாலா ஆகியவற்றில் அது வறுபட்டுப் பொடியாகிக் கலந்திருக்கும், அதைத்தான் மறந்துவிடுகிறோம். மில்லுக்குக் கொடுக்கும் முன்பே, சிங்கப்பூருக்குப் போகும் பங்கில் கசகசா வேண்டாம் என்று பிரித்துவிடுங்கள். முந்திரி போட்டு அரைத்தால் குருமா கெட்டிப்படும். கடையில் வாங்கிய மசாலாப் பாக்கெட் என்றால் பின்பக்கம் திருப்பி, சேர்மானப் பட்டியலைக் கடைசி வரி வரை வாசியுங்கள்.

அடுத்தது மருந்து. சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, கொழுப்பு ஆகியவற்றுக்கான வழக்கமான மாத்திரைகளை மூன்று மாதத் தேவைக்கு மிகாமல் எடுத்துவரலாம். மருத்துவரின் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் வேதிப்பெயரோடு இருக்கட்டும். மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து டப்பாவில் கொட்டிக் கொண்டுவராதீர்கள். எது என்ன என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். இன்சுலின் கைப்பையில் வரட்டும்.

சிக்கல் எங்கே என்றால், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் நம் ஊர் மருத்துவர்கள் எழுதித்தரும் அல்பிரசோலம், டயசெபாம் போன்ற மாத்திரைகளில். கோடீன் கலந்த இருமல் மருந்து, மார்ஃபின் வகை வலிநிவாரணி ஆகியவையும் இதே வகை. இவை சிங்கப்பூரில் கட்டுப்பாட்டில் உள்ளவை. கொண்டுவர வேண்டுமென்றால் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். குறைந்தது பத்து வேலை நாள் முன்னதாக விண்ணப்பியுங்கள். அப்பா இரவில் போடும் சின்ன மாத்திரையின் பெயர் என்ன என்று வீட்டில் பலருக்கும் தெரியாது. அட்டையைக் கையில் எடுத்து, வணிகப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரை வாசித்து, ஆணையத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள். அவரே திடீரென்று மாத்திரையை நிறுத்திவிட்டுக் கிளம்பவும் விடாதீர்கள். தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது உடலுக்கு ஆபத்து. மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பெயரொட்டு இல்லாத சித்த, ஆயுர்வேதச் சூரணங்களும் லேகியங்களும் ஊரிலேயே இருக்கட்டும். ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் அளவுக்கு மீறி இருந்ததால் இங்கே எச்சரிக்கை விடப்பட்ட தயாரிப்புகள் உண்டு. விபூதியைப் பொறுத்தவரை, கடைப் பெயர் அச்சிட்ட உறையோடு கொண்டுவாருங்கள். பாலிதீன் பையில் முடிச்சுப் போட்ட வெள்ளைப் பொடி எதுவானாலும் கேள்விக்கு இடம் தரும்.

இனி எல்லாவற்றிலும் கடுமையான ஒன்று: பிறர் கொடுக்கும் பொட்டலம். “என் பையன் அங்கேதான் இருக்கிறான், விமான நிலையத்துக்கே வந்து வாங்கிக்கொள்வான், ஊறுகாய்தான்” என்று தெருக்கோடியில் இருப்பவர் கொண்டுவந்து கொடுப்பார். முகத்துக்கு அஞ்சி வாங்கிக்கொள்வோம். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயினோ 500 கிராமுக்கு மேல் கஞ்சாவோ கடத்தினால் மரண தண்டனை. அதைவிட முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது இது: போதைப்பொருள் இருக்கும் பெட்டியோ பையோ ஒருவரிடம் இருந்தால், அது அவர் வசம் இருந்தது, அது என்னவென்று அவருக்குத் தெரியும் என்றே சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. தெரியாது என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. ஊறுகாய் என்று நம்பினேன் என்பதை வெளிநாட்டு நீதிமன்றத்தில் எப்படி நிரூபிப்பீர்கள்? பொட்டலத்தைப் பிரித்து, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து, நீங்களே மீண்டும் கட்ட அனுமதிக்காதவரிடமிருந்து எதையும் வாங்காதீர்கள். ஓரிரு நாள் முறைத்துக்கொண்டு திரிவார்கள், திரியட்டும்.

புகையிலை. சிகரெட்டுக்குச் சலுகை அளவே கிடையாது. ஒரே ஒரு சிகரெட் இருந்தாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். மின்சிகரெட் முழுத்தடை; வைத்திருப்பதே 2018 முதல் குற்றம், 2025 செப்டம்பரிலிருந்து தண்டனை மேலும் கடுமையாகியிருக்கிறது. வெற்றிலையோடு போடும் மெல்லும் புகையிலை, குட்கா, கைனி, மூக்குப்பொடி ஆகியவையும் தடைசெய்யப்பட்டவை. தாத்தாவின் இடுப்புச் சுருக்குப்பையை மறக்காமல் பார்த்துவிடுங்கள்.

சூயிங்கம் 1992 முதல் இறக்குமதித் தடையில் இருக்கிறது. பேரப்பிள்ளைக்காக வாங்கிய மிட்டாய்ப் பொட்டலத்தில் அது கலந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டாசு, துப்பாக்கி வடிவ லைட்டர், யானைத் தந்தப் பொருள் ஆகியவையும் வேண்டாம். மயிலிறகு இந்தியாவிலிருந்தே வெளியே போகக் கூடாத பொருள்.

உணவில், முறுக்கு, அதிரசம், அப்பளம், வற்றல், ஊறுகாய், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் ஆகியவற்றைச் சொந்த உபயோகத்துக்கு அளவாகக் கொண்டுவரத் தடையில்லை. எண்ணெய் மிதக்கும் தொக்கு, ஊறுகாய்களைச் சரக்குப் பெட்டியில் இரட்டை உறையில் வையுங்கள். கருவாடு கடலுணவுக் கணக்கில் வரும். கடலுணவு ஆளுக்கு ஐந்து கிலோவுக்கு மிகக் கூடாது. இறைச்சி விஷயம் வேறு. ஒப்புதல் பெற்ற நாடுகளிலிருந்து மட்டுமே அதைக் கொண்டுவரலாம். ஆகவே மட்டன் சுக்கா, கோழி வறுவல், உப்புக்கண்டம், முட்டை எதையும் ஊரிலிருந்து எடுத்துவராதீர்கள். மருமகளுக்கு உப்புக்கண்டம் பிடிக்கும் என்பது எனக்குப் புரிகிறது. தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி கிடைக்கிறது, வந்து செய்து கொடுங்கள். கறிவேப்பிலை, முருங்கைக்காய் போன்ற காய்கறிகள் சிறிதளவு பரவாயில்லை. வேரோடு கூடிய துளசிச் செடி, கறிவேப்பிலைக் கன்று, விதைப்பதற்கான விதை ஆகியவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் முதலிய அனுமதிகள் தேவைப்படும்.

மதுவை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 18 வயது நிறைந்து, 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளியே இருந்துவிட்டு, மலேசியா அல்லாத இடத்திலிருந்து வருபவர் மொத்தம் இரண்டு லிட்டர் வரை வரியின்றிக் கொண்டுவரலாம். அதில் விஸ்கி, பிராந்தி வகை ஒரு லிட்டருக்கு மேல் போகக் கூடாது.

படி 5: நகை, பரிசு, பணம்

நீங்கள் உடுத்திக் களையும் துணிக்கும், அணிந்திருக்கும் சொந்த நகைக்கும் வரி இல்லை. புதிய பொருள்களுக்கும் பரிசுகளுக்கும் பொருள் சேவை வரி உண்டு. 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருபவருக்கு 500 வெள்ளி வரை விலக்கு. அதற்குக் குறைவாக இருந்தால் 100 வெள்ளி வரை. விலக்குக்கு மேற்பட்ட மதிப்புக்கு 9 விழுக்காடு வரி. 2024 ஜனவரி முதல் இதுதான் விகிதம். பேத்தியின் காதுகுத்துக்கு 2,500 வெள்ளி மதிப்புள்ள புதிய சங்கிலியைக் கொண்டுவருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 போக மீதி 2,000. அதற்கு வரி 180 வெள்ளி. கடை ரசீதைக் கையோடு கொண்டுவந்து, கேட்பதற்கு முன்பே நீங்களாகச் சொல்லிக் கட்டிவிடுங்கள். சுங்கத்துறையின் செயலியில் ஊரிலிருந்தே அறிவித்துக் கட்டிவிடவும் வழி இருக்கிறது.

நகை நிறைய அணிந்து வருகிறவர்கள், கிளம்பும் விமான நிலையத்தில் இந்தியச் சுங்க அதிகாரியிடம் நகைகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது அது சிங்கப்பூரில் வாங்கிய நகை என்று வரி கேட்டால் இந்தத் தாள்தான் காப்பாற்றும். இதற்காக வழக்கத்தைவிட முன்கூட்டியே விமான நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

ரொக்கம், இந்திய ரூபாயாக 25,000 வரையும் வெளிநாட்டு நோட்டுகளாக 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரையும் எடுத்துச்செல்லலாம். சிங்கப்பூர் பக்கத்தில், 20,000 வெள்ளிக்கு மேற்பட்ட ரொக்கத்தோடு நுழைந்தால் இணையத்தில் அறிவிப்பது கட்டாயம். சாதாரணக் குடும்பப் பயணத்தில் அந்த அளவுக்கு வராது.

படி 6: சாங்கியில் இறங்கிய பிறகு

கடவுச்சீட்டு, விசா அச்சு, திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரி, பிள்ளையின் தொலைபேசி எண் ஆகியவை ஒரே உறையில் கையில் இருக்கட்டும். ஆறு வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகளும் இப்போது தானியங்கித் தடத்தைப் பயன்படுத்தலாம். கருவிழி, முகம், கைரேகை ஆகியவற்றைக் கருவி பதிவு செய்யும். வயல் வேலையும் வீட்டு வேலையும் செய்து ரேகை தேய்ந்தவர்களுக்குக் கருவி ஒத்துழைக்காமல் போகலாம். பதறாதீர்கள், பக்கத்தில் நிற்கும் அதிகாரி ஆள் இருக்கும் முகப்புக்கு அனுப்புவார். தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ஆங்கிலம் தெரியாவிட்டால் தமிழ் என்று ஒரு சொல் சொன்னால் போதும், உதவிக்கு ஆளைத் தேடுவார்கள். எத்தனை நாள், யார் வீட்டில், எதற்காக என்ற கேள்விகளுக்கு நேரான, சுருக்கமான பதில் சொல்லுங்கள்.

பெட்டியை எடுத்த பிறகு இரண்டு வழிகள் இருக்கும். அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்குப் பச்சை, இருப்பவர்களுக்கும் ஐயம் உள்ளவர்களுக்கும் சிவப்பு. சிவப்பு வழியில் போனால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. நடப்பது இதற்கு நேர்மாறு. சிவப்பு வழி மேசையில் நீங்களாகச் சொல்லும் சிகரெட்டுக்கும் புது நகைக்கும் உரிய வரியைக் கட்டிவிட்டுப் போகலாம். கொண்டுவரக் கூடாத உணவென்றால் பெரும்பாலும் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். அதே பொருளோடு பச்சை வழியில் நடந்து பிடிபட்டால், மறைத்த குற்றம் ஆகிவிடும். ஏய்த்த வரியைப் போல 20 மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஐயம் என்றால் சிவப்பு. போதைப்பொருள் தொடர்பானவற்றுக்கு மட்டும் இந்த ஆறுதலை நீட்ட முடியாது. அவை பெட்டிக்குள் வரவே கூடாது.

படி 7: தங்கியிருக்கும் நாள்களில்

மின்-அனுமதியில் இருக்கும் கடைசி நாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுங்கள். பேறுகாலத்துக்காக வந்து கூடுதல் நாள் தேவைப்பட்டால், அந்த நாள் முடியும் முன்பே இணையத்தில் நீட்டிப்புக் கேட்க வேண்டும். காலாவதியாகித் தங்குவதை இங்கே குற்றமாகவே பார்க்கிறார்கள். 90 நாளுக்கு மேல் போனால் ஆண்களுக்குப் பிரம்படி வரை தண்டனை உண்டு. வருகை அனுமதியில் கூலிக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்வதும் வேலைதான்.

மருத்துவச் செலவுதான் இந்தப் பயணத்தில் குடும்பத்தை நிலைகுலையச் செய்யக்கூடியது. வெளிநாட்டினருக்கு மானியம் கிடையாது. நெஞ்சுவலியோடு ஓரிரவு மருத்துவமனையில் தங்கினாலே கணக்கு ரூபாயில் லட்சங்களைத் தொடும். பயணக் காப்புறுதி சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும், அறுபது தாண்டிய பெற்றோரை அது இல்லாமல் வரவழைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பாதுகாப்பு உண்டா என்ற வரியைப் பார்த்து வாங்குங்கள். நோயை மறைத்து வாங்கிய காப்புறுதி, தேவைப்படும் நேரத்தில் பயன்படாது. அவசர ஆம்புலன்சுக்கு 995, காவல்துறைக்கு 999. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். டெங்கி உண்டு, கொசுவிடம் கவனமாக இருங்கள்.

ஒரு நாள் பாலத்துக்கு அப்பால் மலேசியாவில் இருக்கும் ஜொகூர் போய்வரலாம் என்று மகன் அழைத்தால், முதலில் உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பாருங்கள். ஒருமுறை மட்டும் என்றால் பாலத்தைத் தாண்டியதும் திரும்ப வழியில்லை. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் மலேசியாவுக்கு விசா இல்லாமல் 30 நாள் செல்ல முடிகிறது. ஆனால் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் திரும்பும்போது புதிதாக இன்னொரு எஸ்ஜி வருகை அட்டை வேண்டும். மலேசியாவிலிருந்து வருவதால் மதுவுக்குச் சலுகை இல்லை.

படி 8: ஊர் திரும்பும் நாள்

வரி திரும்பப் பெறும் திட்டத்தில் உள்ள கடைகளில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கியிருந்தால், சுற்றுப்பயணியாக வந்தவர் பொருள் சேவை வரியைத் திரும்பக் கேட்கலாம். வாங்கும்போதே கடையில் கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும். வாங்கிய இரண்டு மாதத்துக்குள் பொருளை எடுத்துச்செல்ல வேண்டும். பொருள் சரக்குப் பெட்டிக்குள் இருக்கிறது என்றால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே, புறப்பாட்டுக் கூடத்தில் இருக்கும் சுயசேவைக் கருவியில் பதிவை முடித்துவிடுங்கள். பொருளைக் காட்டும்படி அதிகாரி கேட்கலாம். ரசீதுகளையும் இந்தியச் சுங்கத்தில் வாங்கிய நகைச் சான்றிதழையும் கைப்பையில் வையுங்கள். சென்னையிலோ திருச்சியிலோ இறங்கியதும் அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.